இயக்குநர் உரை கேட்ட நாற்றுகள்

"மூச்சு முட்டணும் சார். முட்டினாத்தான் அது பரீட்சை."

"யாருக்கு முட்டணும்?"

"நாத்துக்கு."

"ஏம்மா, ஆயுத பூஜையும் அதுவுமா உள்ள இருக்கற ஜீவனுக்கு மூச்சு முட்டணும்னு நின்னுக்கிட்டுச் சொல்றியே, உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"குங்குமத்தைக் கண்ணாடி மேல வெச்சுடலாம் சார். நானே வெக்கறேன். எங்காத்துல தையல் மெஷினுக்குக்கூட வெளியிலதான் வெப்போம்."

"அது சொந்த மெஷின். எப்படி வேணா வெச்சுக்கலாம். இது கவர்மெண்ட் மெஷின். எல்லாக் கருவிக்கும் உள்ளும் புறமும் பூஜை பண்ணணும்னு சர்க்குலர்ல இருக்கு. படிச்சுப் பாரு, மூணாவது பாரா."

அவள் படித்துப் பார்த்தாள். இருந்தது. 'உள்ளும் புறமும்' என்பதன் கீழே சிவப்பு மையில் ஒரு கோடும் இருந்தது. சர்க்குலரை எழுதியவரும், கோடு போட்டவரும், இப்போது அதைப் படிக்கச் சொன்னவரும் ஒரே ஆள்தான்: நிர்வாக அதிகாரி மாணிக்கவாசகம். அவர் எதிரே நின்றவள் அன்னபூர்ணி. வயது இருபத்தாறு. தாவரவியல் படித்தவள். மைசூர் அக்ரஹாரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, ஹுன்சூர் சாலையில் இருக்கும் ஒளிச்சுவாசக் குறைப்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, மூன்று வருடமாகத் தற்காலிக உதவியாளராக இருப்பவள்.

அப்போது மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நிலையத்தில் பழைய பெயர் அச்சிட்ட காகிதம் பதினொரு கட்டு மிச்சமிருந்தது. ஒவ்வொரு தாளிலும் 'மைசூர்' என்பதை அடித்துக் 'கர்நாடகம்' என்று கையால் எழுத இரண்டு பேரை நியமித்திருந்தார்கள். ஆராய்ச்சிக்கு அன்னபூர்ணி இருந்தாள்.

நிலையத்தின் வேலை இதுதான். நெல் வெயிலில் நின்று, காற்றிலிருந்து தனக்கு வேண்டிய சாப்பாட்டைத் தானே செய்துகொள்கிறது. அதே வெயிலில், செய்ததில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை மூச்சாக வெளியே விட்டும் விடுகிறது. கேட்பதற்கு அநியாயமாக இருக்கும்; ஆனால் அதன் பிறவிக் குணம் அது. மக்காச்சோளம் இந்தத் தவறைச் செய்வதில்லை. நெல்லும் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டால் இப்போதிருக்கும் நிலத்திலேயே இன்னும் எத்தனையோ மூட்டை விளையும்.

அப்படி ஒரு நெல்லைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. கட்டில் நீளம். உள்ளே ஆறு தட்டு, தட்டுக்கு நானூறு நெல் நாற்று. விதைகளுக்கு முன்பே கதிர்வீச்சுக் கொடுத்திருப்பார்கள், லட்சத்தில் ஒன்றாவது குணம் மாறிப் பிறக்காதா என்று. நாலு மூலையிலும் மக்காச்சோளம். மேலே இருபத்துநாலு மணி நேரமும் விளக்கு. மூடியின் விளிம்பில் மெழுகு பூசி, வெளிக்காற்று ஒரு துளி நுழையாமல் அடைத்துவிட வேண்டும். இருக்கும் காற்றில் உள்ள சத்தை, அதாவது கரியமில வாயுவை, மக்காச்சோளம் உறிஞ்சிவிடும். நெல் மூச்சாக விடுவதையும் சேர்த்து உறிஞ்சிவிடும். நெல் பட்டினி கிடந்து மஞ்சளாகி, பன்னிரண்டாம் நாள் வைக்கோலாகும். பன்னிரண்டு நாள் கழித்தும் ஒரு நெல் பச்சையாக நின்றால், அதுதான் தேடிய நெல்.

மூன்று வருடத்தில் இருபத்தொன்பது பெட்டி. ஏறக்குறைய எழுபதாயிரம் நாற்றை அன்னபூர்ணி தன் கையால் விதைத்து, தன் கையால் வைக்கோலாகப் பிடுங்கிப் போட்டிருந்தாள்.

முப்பதாவது பெட்டியில், பத்தாம் நாள் காலை, ஆறாவது தட்டின் ஒன்பதாவது வரிசையில் அதைப் பார்த்தாள். சுற்றிலும் எல்லாம் நுனி கருகி மஞ்சள். நடுவில் ஒன்று மட்டும் நுனி வரை பச்சை. வெளியே போய்க் குழாயில் தண்ணீர் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடி பார்த்தாள். பச்சைதான்.

அவள் அதைச் சொன்னது ஒருவரிடம் மட்டும். அட்டெண்டர் கருப்புசாமி. கோபிநத்தத்துக்காரர்; ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம்.

"ஏனுங் அம்மணி, சோளம் ஏதாச்சும் தவறி உளுந்து மொளச்சிருக்குமுங்க."

"இல்லை கருப்புசாமி. இலை சேர்ற எடத்தைப் பாருங்கோ. நெல்லேதான்."

அவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அப்ப சாவ மாட்டேங்குதுங்களா?"

"மாட்டேங்கறது."

"நம்ம ஆபீசுல வந்து பத்து நாள் தாக்குப் புடிக்குதுன்னா கெட்டி நாத்துதானுங்க."

இன்னும் இரண்டே நாள் வேண்டும். பன்னிரண்டு நாள் மூடி திறக்காமல் இருந்தால்தான் கணக்கு; பதினொன்று என்றால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பதினோராம் நாள் ஆயுத பூஜை.

*

இயக்குநர் டாக்டர் நஞ்சுண்டசாமி வந்தபோது அந்தச் சின்ன அறையில் பதினான்கு பேர் நின்றார்கள். மெழுகைச் சுரண்டி மூடியைத் தூக்கினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் குங்குமம் வைத்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் இயக்குநர் எதிரில் நாலு பேர் சேர்ந்தாற்போல் நின்றால் பேசிவிடுவார். அன்று பதினான்கு பேர். பெட்டியின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, நாற்றுகளின் மேல் குனிந்தபடி, கன்னடத்தில் தொடங்கி ஆங்கிலத்துக்கு ஏறி முக்கால் மணி நேரம் பேசினார்.

"நெல்லின் குற்றம் என்ன? பகலெல்லாம் உழைப்பது போலத் தெரிகிறது. உற்றுப் பார்த்தால் நாலில் ஒரு பங்கு வெறும் மூச்சு! ஒரு கையால் செய்வதை மறு கையால் காற்றில் விடுகிற ஓர் அமைப்பை இந்த ஏழை நாடு எத்தனை நாள் தாங்கும்? இந்தக் கேள்வியை நான் பெங்களூரில் ஏழு முறை கேட்டிருக்கிறேன். டெல்லியில் நாலு முறை. ரோமில் ஒரு முறை. விடை வரவில்லை. அதற்காக நான் ஓயவில்லை. நெல் திருந்தும் வரை பேசுவேன்!"

கைதட்டினார்கள். எல்லோரும் கடலையும் பொரியும் வாங்கிக்கொள்ள வெளியே போனார்கள். அன்னபூர்ணி ஓடிப்போய் மூடியில் கை வைத்தாள்.

"ஏய், ஏய், பேடா, வேண்டாம்!" மாணிக்கவாசகம் பதறினார். "பூஜையில வெச்ச கருவியை இன்னிக்கு எடுக்கலாமா? உங்க வீட்டுல இப்படித்தான் பண்ணுவீங்களா?"

"எடுக்கலை சார். மூடறேன்."

"மூடறது உபயோகப்படுத்தறதுதானே?"

அவள் வீட்டிலும் அன்று தையல் மெஷினைத் தொடமாட்டார்கள். அதனால் மூடியிலிருந்து கையை எடுத்தாள். மறுநாள் விஜயதசமி, விடுமுறை. அதற்கடுத்து சனி, ஞாயிறு. மூடி நாலு நாள் சுவரில் சாய்ந்தே இருந்தது.

திங்கட்கிழமை கதவைத் திறந்தாள். ஆறு தட்டும் பச்சை. வெளிக்காற்று பட்டதும் அரைச்சாவில் கிடந்த நாற்றெல்லாம் புது இலை விட்டிருந்தன. ஆனால் கருகிய பழைய நுனிகள் மஞ்சளாகவே இருந்தன. ஆறாவது தட்டு, ஒன்பதாவது வரிசையில் அந்த ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் நுனி கிடையாது. அந்த அளவுக்கு இன்னும் தெரிந்தது.

பின்னாலேயே மாணிக்கவாசகம் வந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"டைரக்டர் பேச்சுக்கு இவ்வளவு பவரா!"

"பேச்சு இல்லை சார். மூடி தொறந்து கெடந்தது. வெளிக்காத்து வந்துது, அவ்வளவுதான். போறாததுக்கு, பதினாலு பேர் நின்னு மூச்சு விட்டோம். வெளிக்காத்துல இருக்கறதைவிட நம்ம மூச்சுல அந்தச் சத்து நூறு மடங்கு ஜாஸ்தி."

"அதாவது டைரக்டர் பேசினது வெறும் காத்துன்றே."

"ஆமா சார்."

"எழுதிக் குடு."

அவள் எழுதித் தரவில்லை. மாணிக்கவாசகம் எழுதினார். 'பதினோராம் நாள் இயக்குநர் ஆற்றிய உரைக்குப் பின், மடியும் நிலையில் இருந்த 2,400 நாற்றுகளும் ஒருங்கே மீண்டன. ஒளிச்சுவாசக் குறைப்பில் இது ஒரு திருப்புமுனை.' இயக்குநர் கூச்சத்தோடு கையெழுத்துப் போட்டார். "நான் சொல்லவில்லை. நாற்றே சொல்கிறது" என்றார்.

*

அதன்பின் தினமும் பதினொரு மணிக்கு உரை. மூடியைத் திறந்து வைத்து, நாற்றுகளைப் பார்த்துப் பேசுவார். அன்னபூர்ணி பக்கத்தில் அளவுகோலுடன் நிற்க வேண்டும். இயக்குநர் பெங்களூர் போன வாரம் என்ன செய்வது என்று கூட்டம் போட்டு, உரையை டேப்பில் பதிவு செய்து, ரெக்கார்டரைப் பெட்டிக்குள்ளேயே வைத்தார்கள். சத்தம் வெளியே சிந்தக் கூடாது என்று மூடியை இறுக்கி, மெழுகும் பூசினார்கள்.

அன்னபூர்ணிக்கு அந்த வாரம் திருவிழா. ஒன்றும் சொல்லாமல் நாட்களை எண்ணினாள். உள்ளே இயக்குநர் காலை முதல் மாலை வரை நெல்லைத் திட்டிக்கொண்டிருந்தார்; நெல் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. ஐந்தாம் நாள், ஒன்பதாவது வரிசையில் அந்த ஒன்று தனியாகத் தெரிய ஆரம்பித்தது. ஆறாம் நாள் மாணிக்கவாசகம் எட்டிப்பார்த்து அலறிவிட்டார். மூடி திறக்கப்பட்டது.

விசாரணைக் குழுவின் முடிவு: 'இயந்திரத்தின் குரலுக்குப் பதவி இல்லாததால் பயிர் அதற்குக் கட்டுப்படவில்லை.'

எனவே இயக்குநர் இல்லாத நாட்களில் முதல் நிலை அதிகாரிகள் முறை வைத்துப் பேசினார்கள். யார் பேசிய அன்று எவ்வளவு வளர்ந்தது என்று அவள் அட்டவணை போட வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவுதான் வந்தது. அது பதவி வரிசைக்கு ஒத்துவரவில்லை என்று அட்டவணை மூன்று முறை திரும்பி வந்தது. நாலாவது முறை மாணிக்கவாசகமே அதைத் திருத்திக்கொண்டார்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, கருப்புசாமி திறந்திருந்த பெட்டியின் விளிம்பில் தலை சாய்த்து இரண்டு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். ஒரு வாரம் அப்படியே நடந்தது. அவர் தலை வைத்த மூலைதான் நிலையத்திலேயே செழிப்பான மூலை என்றாகிவிட்டது. இது பெரிய சிக்கல். நான்காம் நிலை ஊழியர் தூங்கியதற்கு இயக்குநர் பேசியதைவிடப் பலன் அதிகம் என்று எப்படி எழுதுவது? அந்த மூலைக்கு நேர் மேலே சுவரில் இயக்குநர் படம் மாட்டி, மாட்டிய நாளுக்கு முன்தேதி போட்டார்கள்.

"அம்மணி, என்ற மூச்சுக்கு ஒரு பேப்பர்கூடக் குடுக்க மாட்டாங்களா?" என்றார் கருப்புசாமி.

"நீங்க வேற. பேசாம இருங்கோ."

"நாம் பேசவே இல்லீங்களே. தூங்குனேன்."

இவ்வளவுக்கும் நடுவில் அவள் தினமும் காலையில் செய்தது ஒன்றுதான். ஆறாவது தட்டு, ஒன்பதாவது வரிசை. அந்த மஞ்சளில்லாத நுனி. அதைத் தனித் தொட்டிக்கு மாற்ற அனுமதி கேட்டு ஐந்து மனு போட்டிருந்தாள்.

"ஒண்ணு மட்டும் விசேஷம்னா மத்ததெல்லாம் என்னம்மா?" என்று மாணிக்கவாசகம் கேட்டார்.

"சாதா நெல்லு சார்."

"அப்ப ரிப்போர்ட்?"

அவள் ஐந்தாவது மனுவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சரி, மத்ததும் விசேஷம்தான்னு வெச்சுக்க. அப்ப அந்த ஒண்ணை எதுக்குத் தனியா எடுக்கணும்?" மனுவை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவள் டிபன் கொண்டுவராத நாளில் தன் இட்லியில் இரண்டு கொடுப்பார். "ரிப்போர்ட்டைப் பாக்க டெல்லிக் குழு வருது. உன் வேலை பெர்மனெண்ட் ஆக நானே சொல்லிவெச்சிருக்கேன். சும்மனே எதையாவது கெளப்பாதே, தாயி."

*

டெல்லிக் குழு வருவதற்கு முந்தின நாள் அவளை தேவராஜ மார்க்கெட்டுக்கு மாலை வாங்க அனுப்பினார்கள். ரோஜா மாலை ஏழு, மல்லிகைச் சரம் முப்பது முழம். திரும்பி வரும்போது மணி நாலு.

பெட்டி அறையில் ஆறு டைப்பிஸ்டுகள் ஆளுக்கொரு கத்தரிக்கோலுடன் வேலையை முடித்துவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்றுகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. ஒரு மஞ்சள் நுனி இல்லை. ஒரு நுனியே இல்லை.

"எப்படி?" என்றார் மாணிக்கவாசகம். "டெல்லிக்காரங்க பாக்கறப்ப நுனி நுனியா மஞ்சள் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

"பச்சையா இருந்ததையும் வெட்டிட்டேளா?"

"பாகுபாடே பாக்கலை. எல்லாத்துக்கும் ஒரே அளவு."

"ஆறாவது தட்டு எங்கே சார்?"

"ஆறாவது, அஞ்சாவதெல்லாம் இனிமே கெடையாது. எல்லாத்தையும் பிடுங்கி, தண்டு பருமன் பாத்து மாத்தி நட்டாச்சு. ஒல்லியெல்லாம் முன்னால, பருமனெல்லாம் பின்னால. நாளைக்குக் குழுவுக்கும் எல்லா ஜில்லாவுக்கும் ஆளுக்கொரு தொட்டியில நினைவுப் பரிசு. ரெண்டாயிரத்து நானூறு தொட்டி சொல்லியாச்சு."

அவள் மாலைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் போன பிறகு தரையில் உட்கார்ந்தாள். பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு நாற்றாகப் பார்த்தாள். முதல் நூறு. இருநூறு. எல்லாம் வெட்டுப்பட்ட நெல். எல்லாம் பச்சை. முந்நூறுக்கு மேல் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை.

கருப்புசாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"செத்துப் போகலீங்களே அம்மணி. இதுக்குள்ளதான் எங்கியோ நிக்குது."

"எங்கேன்னுதான் தெரியலையே."

"நமக்குத் தெரியாதுங்க. மறுக்கா மூடி வெச்சா அதே சொல்லிப்போடுமுங்கல்ல?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவள் கேட்ட முதல் விஞ்ஞானம் அது.

*

குழுத்தலைவர் பெயர் சேகரன். தலை முழுக்க நரை, மென்மையான குரல். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து முப்பது வருடமாக டெல்லியில் இருப்பவர். பெட்டியைச் சுற்றி இருபத்திரண்டு பேர் நின்றார்கள். இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். நெல்லின் வீண்மூச்சை இந்த நிலையம் ஒழித்துக் கட்டிவிட்டது என்றார். இதைப் பற்றி இன்னும் முப்பது நகரங்களில் பேச வேண்டியிருப்பதால் ஒரு தனி விமானச் செலவுத் தலைப்பு வேண்டும் என்றார். துணை இயக்குநர் வழிமொழிந்து அரை மணி பேசினார். மாணிக்கவாசகம் நன்றி சொன்னார். அதுவும் இருபது நிமிடம். நாற்றுகள் அவர்கள் கண் முன்னாலேயே இன்னும் கொஞ்சம் பச்சையானது போலிருந்தது.

வெளியே வராந்தாவில் தொட்டிகள் வரிசையாகக் காத்திருந்தன. தோட்டக்காரர்கள் மண் போட்டு முடித்துவிட்டார்கள்.

சேகரன் சுற்றிலும் பார்த்தார். "இவ்வளவு நாளா இந்தச் செடியெல்லாம் பாத்துண்டது யாரு?"

மாணிக்கவாசகம் அன்னபூர்ணியை முழங்கையால் மெல்ல முன்னே தள்ளினார். "நம்ம பொண்ணு சார். மூணு வருஷமா டெம்பரவரி." கடைசி வார்த்தையை அழுத்தினார்.

"தமிழா? பேஷ். பேரென்னம்மா?"

"அன்னபூர்ணி சார்."

"நல்ல பேரு. நெல்லு பாத்துக்கறவளுக்கு இதைவிட என்ன பேரு வேணும்." அவர் சிரித்தார், இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். "இத்தனை பேரு பேசினா. நீதான் ஒண்ணுமே பேசலை. சொல்லு, உனக்கு என்ன வேணும்? எங்களால ஆனது எதுவானாலும் கேளு. நான் இங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

பேனா மூடியைத் திறந்தார். மாணிக்கவாசகம் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணால் சொன்னார்: பெர்மனெண்ட். உதட்டை அசைத்தும் சொன்னார். இயக்குநர் புன்னகையோடு தலையாட்டினார். மாலைகளுக்கு அப்பால், கதவோரம் கருப்புசாமி மெழுகுக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அன்னபூர்ணி பெட்டியைப் பார்த்தாள். இரண்டாயிரத்து நானூறும் ஒரே உயரம்.

"இந்த மூடியை மூடிப் பன்னெண்டு நாள் வெக்கணும் சார். அதுவரைக்கும் ஒரு நாத்தும் வெளில போகக் கூடாது. டைரக்டர் சார், நீங்க, யாருமே இந்த ரூமுக்குள்ள வந்து பேசாம இருக்கணும்."